பொன்னியின் செல்வனும் பிறர் எழுதிய தொடர்ச்சிகளும்

கல்கி இரா. கிருஷ்ணமூர்த்தி எழுதிய ‘பொன்னியின் செல்வன்’ கல்கி வார இதழில் 1950 அக்டோபர் 29 முதல் 1954 மே 16 வரை தொடராக வெளிவந்தது. தொடர் முடிந்து ஏழு மாதங்கள் ஆவதற்குள், 1954 டிசம்பர் 5 அன்று கல்கி காலமானார். அவர் நிறுத்திய இடத்திலிருந்து கதையை வளர்த்துப் பின்னர் வேறு எழுத்தாளர்கள் நாவல்கள் எழுதினர். ஆசிரியர் மறைந்த பிறகு அவர் படைத்த மனிதர்களை இன்னொருவர் கையாளலாமா என்பது, இந்நாவலை விரும்பிப் படிப்பவர்கள் இரண்டு பேர் சேர்ந்தாலே எழும் வாதமாக இருந்து வருகிறது.

முடிவு ஏன் போதவில்லை?

நாவலின் தலைவன் அருள்மொழிவர்மன். ஆனால் அவன் முடிசூடுவதோடு கதை முடியவில்லை. தனக்கு வந்த முடியைச் சிற்றப்பன் உத்தம சோழனுக்கு விட்டுக்கொடுப்பதோடு முடிகிறது. அவன் இராசராசனாக அரியணை ஏறியது 985இல். இடையில் உத்தம சோழன் ஆண்ட ஏறத்தாழ 15 ஆண்டுகள் வெற்றிடமாக நிற்கின்றன. வந்தியத்தேவன் என்ன ஆனான், நந்தினி எங்கே போனாள், ஆதித்த கரிகாலனை உண்மையில் கொன்றது யார் என்றெல்லாம் வாசகர்கள் கேட்டனர். முடிவு அவசரமாக இருக்கிறது என்ற குறையும் வந்தது. கல்கி ஒரு முடிவுரை எழுதிச் சில கேள்விகளுக்குச் சுருக்கமாக விடை சொன்னார். தொடர்ச்சிகளைப் பற்றி வாதிடுவோரில் பலர் அந்த முடிவுரையைப் படிக்காமலே வாதிடுகிறார்கள். மாணவர்கள் அதை முதலில் படிப்பது நல்லது.

கல்கியின் இன்னொரு நாவலான ‘அமரதாரா’வின் நிலை வேறு. அது எழுதிக்கொண்டிருக்கும்போதே அவர் மறைந்ததால், அவருடைய மகள் ஆனந்தி, தந்தையின் குறிப்புகளைக் கொண்டு அதை முடித்தார். அது பாதியில் நின்ற கதையை முடித்து வைத்தது. முடிந்த கதையை நீட்டுவது அப்படிப்பட்டதன்று.

தொடர்ந்து எழுதியவர்கள்

அமுதசுரபி இதழின் ஆசிரியராக அரை நூற்றாண்டுக்கு மேல் இருந்த விக்கிரமன் எழுதிய ‘நந்திபுரத்து நாயகி’ இவ்வகையில் பெயர் பெற்றது. நந்திபுரம் என்பது சோழர் மாளிகை இருந்த பழையாறையின் மற்றொரு பெயர். உத்தம சோழன் காலத்து வெற்றிடத்தை இந்நாவல் எடுத்துக்கொள்கிறது. பிற்காலத்தில் அனுஷா வெங்கடேஷ் எழுதிய ‘காவிரி மைந்தன்’ நேரடித் தொடர்ச்சியாகவே வந்தது. பாலகுமாரனின் ‘உடையார்’ ஆறு பாகங்கள் கொண்டது. தஞ்சைப் பெரிய கோயில் எழும் காலத்தைச் சொல்லும் அந்நாவலைத் தொடர்ச்சி என்று சொல்ல முடியாது. ஆனாலும் கல்கியை முடித்தவர்கள் அடுத்து எடுக்கும் நூல் பெரும்பாலும் அதுதான்.

1999இல் தமிழ்நாடு அரசு கல்கியின் நூல்களை நாட்டுடைமையாக்கியது. அதன் பிறகு யாரும் அவற்றைப் பதிப்பிக்கலாம் என்றாயிற்று. விக்கிரமன் எழுதியது அதற்கு வெகு காலம் முன்பு.

சின்னமனூரிலிருந்து ஒரு நூல்

தொடர்ச்சி என்ற பெயர் இல்லாமலே தொடர்ச்சியாக அமைந்த நாவல் ஒன்று உண்டு. அதைப் புரிந்துகொள்ளக் கம்பம் பள்ளத்தாக்குக்கு வர வேண்டும்.

தேனியிலிருந்து கம்பம் செல்லும் சாலையில் உள்ள சின்னமனூரில் பாண்டியர் செப்பேடுகள் கிடைத்தன. அவற்றுள் பெரிய செப்பேடு, பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட இராசசிம்ம பாண்டியன் வழங்கியது. தன் முன்னோர் மதுரையில் சங்கம் வைத்ததையும் பாரதத்தைத் தமிழ்ப்படுத்தியதையும் அது பெருமையோடு கூறுகிறது. அந்தப் பெருமை நெடுநாள் நிலைக்கவில்லை. முதலாம் பராந்தக சோழன் மதுரையைக் கைப்பற்றினான். இராசசிம்மன் இலங்கைக்குச் சென்று, தன் மணிமுடியை அங்கேயே விட்டுவிட்டுச் சேர நாட்டுக்குப் போனதாக இலங்கை நூலான சூளவம்சம் கூறுகிறது. முடியைக் கேட்டுப் பராந்தகன் படை அனுப்பியும் அது கிடைக்கவில்லை.

‘பொன்னியின் செல்வ’னில் பேசப்படும் பாண்டிய மணிமுடி இதுதான். வீரபாண்டியனின் ஆபத்துதவிகள் சதி செய்வதற்குப் பின்னால் இந்த இழப்பு இருக்கிறது. ஐந்து பாகங்கள் முடிந்த பிறகும் முடி இலங்கையிலேயே இருக்கிறது. கடைசியில் அதைக் கைப்பற்றியவன் இராசராசனின் மகன் இராசேந்திரன். அவனுடைய மெய்க்கீர்த்தியே அதைச் சொல்கிறது. காலம் சுமார் 1017–18. அந்த முடியை மீட்கும் முயற்சியை அகிலன் ‘வேங்கையின் மைந்தன்’ நாவலாக எழுதினார். 1963இல் அந்நூலுக்குச் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. கல்கியின் துடுக்கான வீரன் வந்தியத்தேவன் அதில் முதியவராக வருகிறார்.

சின்னமனூரில் செப்பேடு கொடுத்த மன்னன் இழந்த முடி, இரண்டு நாவலாசிரியர்களைக் கடந்து, நூறு ஆண்டுகளுக்குப் பின் கதையில் திரும்பி வருகிறது. அகிலன் தொட்டது வரலாறு விட்டுவைத்த நூலை. கல்கியின் கற்பனைப் பெண்களை அவர் கடன் வாங்கவில்லை. வந்தியத்தேவன்கூடத் தஞ்சைக் கல்வெட்டில் குந்தவையின் கணவனாகப் பெயர் காணப்படுபவன். நேரடித் தொடர்ச்சிகளைவிட ‘வேங்கையின் மைந்தன்’ குறைவான சண்டையோடு ஏற்கப்பட்டதற்கு இதுவே காரணமாகலாம்.

வெளிநாட்டு உதாரணம்

இதே வழக்கு ஆங்கில விண்வெளிக் கதைகளிலும் உண்டு. ஃபிராங்க் ஹெர்பர்ட் 1965 முதல் 1985 வரை ‘டியூன்’ வரிசையில் ஆறு நாவல்கள் எழுதி, 1986இல் மறைந்தார். ஆறாவது நாவல் கதையை அந்தரத்தில் விட்டிருந்தது. அவருடைய மகன் பிரையன் ஹெர்பர்ட், கெவின் ஆண்டர்சன் என்ற எழுத்தாளரோடு சேர்ந்து 2006, 2007 ஆகிய ஆண்டுகளில் இரண்டு நூல்களில் அதை முடித்தார். தந்தையின் கதைச் சுருக்கம் வங்கிப் பெட்டகத்தில் கிடைத்தது என்றார். பழைய வாசகர்களில் ஒரு சாரார் அதை ஏற்கவில்லை. அசிமோவின் ‘பவுண்டேஷன்’ வரிசைக்கும் அவர் 1992இல் மறைந்த பின் மூன்று எழுத்தாளர்கள் ஆளுக்கொரு நாவல் எழுதினர்.

பல்லாயிரம் ஆண்டுகளுக்கு அப்பால் நடக்கும் கதையில் எது சரியான முடிவு என்று சரிபார்க்க வழியில்லை. தந்தையின் குறிப்பு என்று சொன்னால் நம்ப வேண்டும், அல்லது விட்டுவிட வேண்டும். சோழர் கதையில் ஒரு பகுதியையாவது சரிபார்க்கலாம். கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், இரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரின் பெயர்கள் காட்டுமன்னார்கோயில் அருகே உடையார்குடிக் கோயில் சுவரில் வெட்டப்பட்டுள்ளன. அது இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு. கல்கிக்கு அடுத்து எழுதுபவர் அதை மீற முடியாது.

நந்தினி யாருடையவள்?

ஆகவே சண்டை இராசராசனைப் பற்றியதன்று, நந்தினியைப் பற்றியது. அவள் எந்தக் கல்வெட்டிலும் இல்லாத, முழுக்கக் கல்கியின் கற்பனை. அவளுடைய பிறப்பைப் பற்றி நாவலில் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள். கடம்பூர் மாளிகையின் இருட்டில் கரிகாலன் மீது பாய்ந்த கத்தி யாருடையது என்பதையும் கல்கி வேண்டுமென்றே மங்கலாக விட்டார். தொடர்ச்சி எழுதுபவர் இதில் ஏதாவது ஒரு விடையைத் தேர்ந்தாக வேண்டும். தேர்ந்தவுடன், ஐந்து பாகம் படித்தவர் தம் மனத்தில் வைத்திருந்த நந்தினி காணாமல் போகிறாள். தொடர்ச்சி நூல்கள் மீது வாசகர்களுக்கு வரும் கோபத்தில் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது. எழுதியவர் திறமையற்றவர் என்பதால் அன்று.

மணிரத்னத்தின் திரைப்படங்கள் 2022, 2023இல் வெளிவந்தபோது இதே கோபம் மீண்டும் எழுந்தது. நாவலில் சேந்தன் அமுதனே உண்மையான உத்தம சோழன். படத்தில் அந்த முடிச்சு கைவிடப்பட்டு மதுராந்தகனே முடி சூடுகிறான். படம் பார்த்துவிட்டு நாவலுக்கு வந்த இளைஞர்களுக்கு ஐந்தாம் பாகம் புதிய கதையாகவே இருந்தது.