முட்டை இல்லை, ரம் இல்லை… எல்லாருக்கும் ஒரு கிண்ணம் செஸ்நட் ஐஸ்கிரீம்!

ஆண்டு இறுதி நெருங்கினால் பெட்டாலிங் ஸ்ட்ரீட் பக்கம் நடப்பவர்களின் மூக்கை முதலில் இழுப்பது வறுத்த செஸ்நட் வாசம்தான். கரிய சிறு கற்களோடும் சர்க்கரையோடும் பெரிய கொப்பரையில் புரண்டு புரண்டு, பளபளவென்று வெளிவரும் அந்தக் கொட்டைகளைச் சூட்டோடு உரித்துத் தின்பது ஒரு தனி சுகம். மலாயில் இதற்குப் 'பெராங்கான்' என்று பெயர். சீனாவிலும் மற்ற குளிர் நாடுகளிலும் இலையுதிர் காலத்தில் அறுவடையாகும் புதுச் சரக்கு, கிறிஸ்மஸ் தொடங்கி சீனப் புத்தாண்டு வரை நம் ஊர்ச் சந்தைகளில் குவியும்.

இந்தச் செஸ்நட்டை வைத்து வீட்டிலேயே ஐஸ்கிரீம் செய்யலாம். அதைச் சொல்வதற்கு எனக்கு ஒரு காரணம் இருக்கிறது.

விடுமுறை விருந்தும் விரதமும் ஒரே நேரத்தில் வருகின்றன. டிசம்பர் நடுவில் மார்கழி பிறக்கிறது. அது முடிந்து பொங்கல் கொண்டாடியதும் தைப்பூச விரதம். கேக்கும் ஐஸ்கிரீமும் வீடு வீடாகப் பரிமாறப்படும் அதே வாரங்களில்தான் நம் குடும்பங்களில் பலர் முட்டையைக்கூடத் தொடுவதில்லை. எங்கள் வீட்டில் பெரியம்மா அப்படித்தான். ஐஸ்கிரீம் கிண்ணம் அவர் பக்கம் வரும்போது, "எனக்கு வேண்டாம்மா, நீங்க சாப்பிடுங்க" என்று சிரித்துக்கொண்டே அடுத்தவரிடம் தள்ளிவிடுவார். யாராவது ஓடிப்போய் ஓர் ஆரஞ்சுப் பழத்தை உரித்துக் கொடுப்போம். பெரியம்மா குறை சொன்னதே இல்லை. குறை சொல்லாதவர்களைத்தான் நாம் எளிதில் மறந்துவிடுகிறோம்.

திறந்த இல்ல உபசரிப்பு என்றால் கணக்கு இன்னும் விரியும். மலாய் நண்பர்கள் வருவார்கள். இனிப்பில் மது கலந்திருக்கிறதா, ஜெலட்டின் இருக்கிறதா என்று அவர்கள் தயங்கித் தயங்கிக் கேட்க வேண்டியிருக்கும்.

மேல்நாட்டுச் செஸ்நட் இனிப்புகளில் பல இந்த மேசைக்குப் பொருந்தாது. 19ஆம் நூற்றாண்டு ரஷ்யாவின் வெளியுறவு அமைச்சர் நெசல்ரோட் பெயரில் வழங்கும் குளிர்ந்த செஸ்நட் புட்டிங் புகழ்பெற்றது. அதில் முட்டை மஞ்சள் கரு சேர்த்த கஸ்டர்டும் மதுவும் உண்டு. செஸ்நட் விழுதைச் சேமியா போலப் பிழிந்து, மேலே கிரீம் வைக்கும் 'மோன் பிளாங்க்' இனிப்பின் அடியில் பெரும்பாலும் முட்டை வெள்ளைக் கருவில் செய்த மெரிங் இருக்கும்.

ஆனால் முட்டையும் மதுவும் இல்லாமலேயே நல்ல ஐஸ்கிரீமாக மாறும் குணம் செஸ்நட்டுக்கு உண்டு.

பெயரில் கொட்டை, குணத்தில் கிழங்கு

100 கிராம் பாதாமில் ஏறக்குறைய 50 கிராம் கொழுப்பு இருக்கிறது. அதே அளவு செஸ்நட்டில் 3 கிராம்கூட இல்லை. அதில் நிறைந்திருப்பது மாவுச்சத்தும் ஈரமும். அதனால்தான் வேகவைத்த செஸ்நட்டைக் கடித்தால் சர்க்கரைவள்ளிக் கிழங்கு நினைவுக்கு வருகிறது.

ஐஸ்கிரீமில் முட்டை மஞ்சள் கரு செய்யும் முக்கியமான வேலை, கலவையைக் கெட்டியாக்கி வழவழப்பைத் தருவது. செஸ்நட்டின் மாவுச்சத்து சூடான பாலில் வெந்து வீங்கி, தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தண்ணீர் அங்குமிங்கும் ஓடாமல் இருந்தால் பெரிய பனித்துகள்கள் உருவாவது குறையும். முட்டையின் வேலையில் பெரும்பகுதியை செஸ்நட்டே பார்த்துக்கொள்ளும்.

என்னென்ன வேண்டும்?

உரித்த செஸ்நட் 250 கிராம், பால் 250 மில்லி, இனிப்புக் கெட்டிப்பால் 250 கிராம், குலா மலாக்கா 50 கிராம், நன்கு குளிர்ந்த விப்பிங் கிரீம் 400 மில்லி, பாண்டான் இலை ஒன்று, உப்பு ஒரு சிட்டிகை. சுமார் 12 பேருக்குப் பரிமாறலாம். ஐஸ்கிரீம் இயந்திரம் தேவையில்லை.

வாங்கும்போது லேபிளைப் படியுங்கள். நம் கடைகளில் 'கிரீமர்' என்ற பெயரில் விற்கும் டின்கள் பலவற்றில் பால் கொழுப்புக்குப் பதிலாகப் பாமாயில் இருக்கும். பால் சுவை வேண்டுமானால் அசல் கெட்டிப்பாலைத் தேடி எடுங்கள். கிரீமில் கொழுப்பு 35 விழுக்காடு இருந்தால் நன்றாக நுரைத்து வரும். 'திக்கன்ட் கிரீம்' என்று வரும் சில வகைகளில் ஜெலட்டின் சேர்த்திருப்பார்கள். சைவக்காரர்களுக்காகச் செய்யும்போது அதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். வெனிலா எக்ஸ்ட்ராக்டிலும் ஆல்கஹால் இருக்கும். அதனால்தான் மணத்துக்குப் பாண்டான் இலை. ஏலக்காயும் நன்றாக இருக்கும்.

செய்முறை

பச்சை செஸ்நட் வாங்கினால் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். மிதப்பவற்றை ஒதுக்கிவிடுங்கள். ஒவ்வொன்றின் தோலிலும் கத்தியால் கீறிவிட வேண்டும். கீறாவிட்டால் உள்ளே நீராவி அடைபட்டு வெடிக்கும். 20 நிமிடம் வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் உரியுங்கள். ஆறிவிட்டால் உள்தோல் ஒட்டிக்கொண்டு வர மறுக்கும். நேரமில்லாதவர்களுக்குப் பேரங்காடிகளில் உரித்த செஸ்நட் பொட்டலமாகவே கிடைக்கிறது.

செஸ்நட்டைப் பாலில் போட்டு, முடிச்சிட்ட பாண்டான் இலையும் உப்பும் சேர்த்து, சிறு தீயில் 15 முதல் 20 நிமிடம் வேக விடுங்கள். விரலால் நசுக்கினால் மசிய வேண்டும். இலையை எடுத்துவிட்டுச் சூட்டோடு பிளெண்டரில் அரைத்து, சல்லடையில் தேய்த்து வடிகட்டுங்கள். கெட்டியான கஞ்சிப் பதத்தில் விழுது கிடைக்கும்.

குலா மலாக்காவைத் தனியாக இரண்டு கரண்டித் தண்ணீரில் கரைத்து வடிகட்டி ஆறவிடுங்கள். வெல்லத்தைப் போலவே இதையும் கொதிக்கும் பாலில் போட்டால் பால் திரிந்துவிடலாம். விழுது ஆறிய பிறகு இந்தப் பாகையும் கெட்டிப்பாலையும் கலந்து, குளிர்பதனப் பெட்டியில் இரண்டு மணி நேரம் வையுங்கள்.

அடுத்து கிரீம். நம் சமையலறையின் வெப்பத்தில் கிரீமின் கொழுப்பு இளகிவிடும். இளகிய கொழுப்பு காற்றைப் பிடித்து வைக்காது. எனவே பாத்திரத்தையும் அடிக்கும் கம்பிகளையும் 20 நிமிடம் உறைபெட்டியில் வைத்துவிட்டுத் தொடங்குங்கள். கரண்டியைத் தூக்கினால் கிரீமின் நுனி மெல்ல வளைந்து நிற்க வேண்டும். அத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு மேல் அடித்தால் வெண்ணெயாகத் திரளும்.

குளிர்ந்த செஸ்நட் கலவையில் முதலில் ஒரு பங்கு கிரீமைச் சேர்த்து இளக்குங்கள். மீதியை அடியிலிருந்து மேலாக மெதுவாகப் புரட்டிக் கலக்குங்கள். மூடியுள்ள டப்பாவில் ஊற்றி, மேற்பரப்பில் படும்படி பிளாஸ்டிக் தாளை ஒட்டி, மைனஸ் 18 டிகிரியில் ஓர் இரவு விட்டுவிடுங்கள். மாவுச்சத்து குளிரில் இறுகும் என்பதால், பரிமாறுவதற்கு 5 முதல் 8 நிமிடம் முன்பே வெளியே எடுத்து வைப்பது நல்லது.

சர்க்கரையைக் குறைக்கலாமா?

நம் வீடுகளில் உடனே எழும் கேள்வி இது. ஐஸ்கிரீமில் சர்க்கரை இனிப்புக்காக மட்டும் இல்லை. தண்ணீர் முழுவதும் உறைந்துவிடாமல் காப்பதும் அதுதான். அளவை ரொம்பவும் குறைத்தால் கரண்டி இறங்காத கட்டிதான் கிடைக்கும். செய்முறையில் கை வைக்காமல், கிண்ணத்தைச் சிறியதாக்குங்கள். செஸ்நட்டின் மாவுச்சத்தும் சர்க்கரையாக மாறக்கூடியது என்பதால், நீரிழிவு உள்ளவர்களுக்கு இது 'கவலையில்லாத' இனிப்பு ஆகாது.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. ரப்பர் கையுறை போன்ற லேட்டக்ஸ் பொருள்கள் ஒத்துக்கொள்ளாதவர்களில் சிலருக்கு வாழைப்பழம், அவகாடோ, கிவி ஆகியவற்றோடு செஸ்நட்டும் ஒவ்வாமை தரக்கூடும். தாதியர், மருத்துவமனை ஊழியர் இருக்கும் வீடுகளில் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். கொட்டை ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்கும் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம்.

கடைசியாக ஒரு சின்ன வேலை இருக்கிறது. ஐஸ்கிரீம் டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு துண்டுத்தாளை வையுங்கள். பால், கிரீம், செஸ்நட், குலா மலாக்கா, பாண்டான் என்று உள்ளே இருப்பவற்றை எழுதி, 'முட்டை இல்லை, ஜெலட்டின் இல்லை, மது இல்லை' என்றும் சேர்த்துவிடுங்கள். வீட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்தால் வண்ணப் பேனாவில் அழகாகவே எழுதித் தருவார்கள். விரதம் இருக்கும் பெரியம்மாவும் அலுவலக நண்பரும் யாரிடமும் கேட்கத் தேவையில்லை. படித்துப் பார்த்துவிட்டுத் தாங்களே கரண்டியை எடுத்துக்கொள்வார்கள்.