தண்ணீர் காட்டும் கார்டு

சூடாகும் கிராஃபிக்ஸ் கார்டைத் தண்ணீரால் குளிர்விக்கலாம். ஆனால் கார்டு வழக்கமான அச்சில் வார்த்ததாக இல்லாவிட்டால்?

2011 மே 2. திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில் 'சாகா-220' சூப்பர் கம்ப்யூட்டர் இயங்கத் தொடங்கியது. 400 என்விடியா டெஸ்லா 2070 கிராஃபிக்ஸ் ப்ராசஸர்கள், 400 இன்டெல் ஸியான் ப்ராசஸர்கள், 220 டெராஃப்ளாப்ஸ் வேகம், சுமார் ரூ.14 கோடி செலவு. நாட்டின் அதிவேகக் கம்ப்யூட்டர் என்று அன்று இஸ்ரோ அதை அறிவித்தது. அது விழுங்கிய மின்சாரம் 150 கிலோவாட். ஒரே நேரத்தில் 150 இஸ்திரிப்பெட்டிகளைச் சுடவைத்ததற்கு ஏறக்குறையச் சமம். சிக்கனமானது என்று பெயர் வாங்கிய கம்ப்யூட்டரின் கணக்கு இது.

பெரிய நிறுவனங்களில் இந்தச் சூட்டை வெளியேற்றப் பொறியாளர்கள் இருக்கிறார்கள். டெஸ்லா வம்சத்துக் கார்டு ஒன்று வீட்டு மேஜைக்கு வரும்போதுதான் சிக்கல். 2016-ல் வந்த டெஸ்லா பி40-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். நினைவகம் 24 ஜிபி, மின்செலவு 250 வாட். டேட்டா சென்டர்கள் கழித்துவிட்ட இத்தகைய கார்டுகள் செயற்கை நுண்ணறிவு பழகும் மாணவர்களுக்குப் பெரிய சபலம். ஆனால் கார்டில் மின்விசிறியே கிடையாது. சர்வர் பெட்டியின் விசிறிகள் ஊதும் காற்றை நம்பிப் பிறந்தது அது. சாதாரணப் பெட்டிக்குள் வைத்தால் கொதித்து, வேகம் குறைந்து, கடைசியில் நின்றே போகும்.

தண்ணீரின் பக்கம் பார்வை திரும்புவது இதனால்தான். ஒரே கனஅளவு காற்றைவிடத் தண்ணீர் 3,000 மடங்குக்கும் அதிகமான வெப்பத்தைச் சுமக்கும். சிப்பின் மேல் செம்புக் கட்டி ஒன்று அமரும். 'வாட்டர் பிளாக்' என்று அதற்குப் பெயர். அதனுள் ஓடும் தண்ணீர் சூட்டை வாங்கிக்கொண்டு ரேடியேட்டருக்குப் போய், ஆறித் திரும்பும்.

அளவு பொருந்துமா?

கார்டு முழுவதையும் மூடும் பிளாக்குகள் பெரும்பாலும் சிப் நிறுவனத்தின் மூல வடிவமைப்புக்காகவே செய்யப்படுகின்றன. மற்ற நிறுவனங்கள் அதே சிப்பை வாங்கித் தங்கள் சொந்த போர்டில் பதிக்கும்போது கெப்பாசிட்டர்களும் காயில்களும் திருகுத் துளைகளும் இடம் மாறிவிடுகின்றன. அட்டைப்பெட்டியில் ஒரே பெயர்தான்; உள்ளே வேறு உடம்பு. எனவே மாடல் பெயரை மட்டும் நம்பாமல், போர்டின் பதிப்பு எண்ணைப் பார்த்து, பிளாக் தயாரிப்பாளரின் பட்டியலோடு ஒப்பிடுவதே முதல் வேலை.

பட்டியலில் இல்லையென்றால் இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, சிப்பை மட்டும் மூடும் பொதுவான பிளாக். நான்கு துளைகளின் இடைவெளி ஒத்துவந்தால் போதும். நாளை வேறு கார்டு வாங்கினாலும் அநேகமாகக் கழற்றி மாட்டலாம். இரண்டாவது, ப்ராசஸருக்கென விற்கும், தண்ணீர் அடைத்து மூடிய கூலரை இரும்புச் சட்டத்தின் உதவியால் கார்டில் பொருத்துவது. என்இசட்எக்ஸ்டி நிறுவனம் 2013-ல் கொண்டுவந்த 'க்ராக்கன் ஜி10' இப்படிப்பட்ட சட்டம்தான்.

இரண்டிலும் ஒரே ஆபத்து ஒளிந்திருக்கிறது. சிப் குளிர்ந்துவிடும், அருகிலுள்ள நினைவகச் சில்லுகளும் மின்னழுத்தத்தைச் சீராக்கும் பகுதியும் தனித்து வேகும். பல கார்டுகளில் திரையில் தெரிவது சிப்பின் வெப்பம் மட்டுமே என்பதால், எல்லாம் நலம் என்ற மயக்கத்திலேயே கார்டு கருகிப் போகக்கூடும். அந்தப் பாகங்களுக்குத் தனியே சிறு ஹீட்சிங்க்குகளை ஒட்டி, ஒரு விசிறியையும் வைத்தாக வேண்டும். 2014-ல் வந்த டெஸ்லா கே80 போன்ற கார்டில் சிப்பே இரண்டு. ஒரு பிளாக் வாங்கினால் பாதிக் கிணறுதான் தாண்டியிருப்போம்.

கடலோர ஊரின் கணக்கு

திருவனந்தபுரத்தின் ஈரக்காற்று இன்னொரு பாடம் சொல்கிறது. ரேடியேட்டரால் தண்ணீரை அறைக் காற்றைவிடக் குளிர வைக்க முடியாது. புழுக்கமான நாளில் பலன் குறையும் என்றாலும் இதில் ஒரு நன்மை உண்டு: குழாய்கள் வியர்ப்பதில்லை. ஆசைப்பட்டு ஐஸ் கட்டியையோ குளிர்விக்கும் கருவியையோ சேர்த்தால், குளிர்ந்த டம்ளரின் வெளிப்புறம் நனைவதுபோல கார்டும் நனையும். பிறகு பழுதுபார்க்க ஒன்றும் மிஞ்சாது.

செம்பு பிளாக்கோடு அலுமினிய ரேடியேட்டரைச் சேர்ப்பதும் கூடாது. இரண்டு உலோகங்களும் தண்ணீரில் சேர்ந்தால் அலுமினியம் அரிக்கப்படும். குழாய்த் தண்ணீர் வேண்டாம். காய்ச்சி வடித்த தண்ணீரும் அரிப்பையும் பாசியையும் தடுக்கும் மருந்தும் வேண்டும். கார்டுக்கு மின்சாரம் கொடுக்காமல் பம்ப்பை மட்டும் ஒரு நாள் ஓடவிட்டு, இணைப்புகளுக்கு அடியில் காகிதம் விரித்துக் கசிவு பார்ப்பது அனுபவசாலிகளின் வழக்கம்.

கடைசிக் கேள்வி பணம். பழைய கார்டின் விலையைவிட பிளாக், பம்ப், ரேடியேட்டர் செலவு கூடிவிடுவது எளிது. புதுக் கார்டென்றால் மூடியைக் கழற்றியதும் வாரண்டி போகவும் வாய்ப்புண்டு. விசிறி இல்லாத சர்வர் கார்டுக்கு, அதன் பின்புறம் பொருத்தும் ஒரு ஊதுவிசிறி பெரும்பாலும் போதும். சத்தம் போடும்தான். ஆனால் அது ஒழுகாது.