காசுக்கு முன்னால் ஒரு பாட்டு

நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு வெட்டு முடிந்து சில மாதம் ஆனால், டீக்கடைப் பேச்சு பெரும்பாலும் ஒரே இடத்தில் வந்து நிற்கும்: "இன்சென்டிவ் அக்கவுண்ட்டுல ஏறிடுச்சா?" அரசுத் தமிழில் அது சிறப்பு ஊக்கத்தொகை. 2024-25 அரவைப் பருவத்துக்கு டன்னுக்கு 349 ரூபாய் என்று 2025 மார்ச்சில் வேளாண் பட்ஜெட்டில் அறிவித்த அமைச்சர் எம்.ஆர்.கே.பன்னீர்செல்வமும் இதே கடலூர் மாவட்டத்துக் குறிஞ்சிப்பாடி தொகுதிக்காரர்தான்.

ஆனால் 'இன்சென்டிவ்' என்ற சொல் பிறந்தபோது அதில் காசு இல்லை, பாட்டுதான் இருந்தது.

லத்தீனில் 'கனேரே' என்றால் பாடுவது. முன்னால் 'இன்' சேர்ந்து 'இன்கினேரே' ஆனால், பாட்டைத் தொடங்குவது. அதன் வழிவந்த 'இன்கென்டிவுஸ்' என்ற சொல், மற்றவர்கள் பின்தொடர மெட்டைப் பிடித்துக் கொடுப்பதைக் குறித்தது. தீ மூட்டுவதைச் சொல்லும் 'இன்கெண்டேரே' ஒலியில் அண்டை வீட்டுச் சொல். அந்தச் சூடும் ஒட்டிக்கொள்ள, 'தூண்டுவது' என்ற பொருள் வலுத்தது. 15ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்த சொல்லுக்கு, கூடுதல் உழைப்புக்குக் கூடுதல் பணம் என்ற இன்றைய பொருள் 1943 வாக்கில், அமெரிக்காவின் போர்க்காலப் பொருளாதாரப் பேச்சில்தான் ஏறியது.

நம் 'ஊக்கம்' மட்டும் என்னவாம்? கலித்தொகையில் ஒரு பெண், தன் ஊஞ்சலை ஆட்டிவிடச் சொல்லும் இடத்தில் வருவது 'ஊக்கு' என்ற வினைதான். அங்கே பாட்டு, இங்கே ஊஞ்சல். இரண்டிலும் வேலை ஒன்றே: முதல் தள்ளு.

கரைவலை இழுக்கும் மீனவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒருவர் அம்பாப் பாட்டை எடுப்பார். மற்றவர்கள் பதில் குரல் கொடுத்துக்கொண்டே கயிற்றை இழுப்பார்கள். அந்த முதல் குரல்தான் லத்தீன்காரர் சொன்ன இன்சென்டிவ்.

தமிழில் இதற்கு 'அடி எடுத்துக் கொடுப்பது' என்று அழகான வழக்கு உண்டு. அதில் பேர்போன கதை சிதம்பரத்துக்குச் சொந்தம். சோழ அரசில் அமைச்சராக இருந்த சேக்கிழார், 12ஆம் நூற்றாண்டில் பெரியபுராணம் பாடத் தில்லைக்கு வந்து நின்றபோது, முதல் அடியை நடராஜரே எடுத்துக் கொடுத்தார் என்பது மரபு. பாடி முடித்ததும் மன்னன் அவரையும் நூலையும் யானைமேல் ஏற்றி, தானே கவரி வீசி வீதியுலா வந்தான் என்பார்கள். இன்றைய கணக்கில் அது போனஸ். இன்சென்டிவ் முன்பே கிடைத்துவிட்டது.

சேக்கிழார் பாடியதாகச் சொல்லப்படும் ஆயிரங்கால் மண்டபம், கோயிலுக்குள் சிவகங்கைக் குளத்தை ஒட்டி இன்றும் இருக்கிறது.