கர்ப்பிணியின் சம்மதமும் சட்டத்தின் குறையும்

நாள் தள்ளிப்போய், கர்ப்பமென்று உறுதியானபின், அதைத் தாங்கும் நிலையில் தன் சரீரமோ குடும்பமோ இல்லையென்று தீர்மானித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குச் செல்லும் பெண்ணிடம், "வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு வாம்மா, அவர் கையெழுத்துப் போட்டால்தான் செய்வோம்" என்று சொல்லித் திருப்பி அனுப்புவது நம் தேசத்தில் நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம். இந்த வழக்கத்துக்குச் சட்டத்தில் ஆதாரம் எதுவுமில்லை. 1971-ஆம் ஆண்டின் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம், பதினெட்டு வயது நிரம்பிய, மனநோய் இல்லாத பெண்ணிடம் அவளுடைய சம்மதம் ஒன்றையே கேட்கிறது. மற்றவர்கள் விஷயத்தில்தான் பாதுகாவலரின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். 'படிவம் சி' எனப்படும் சம்மதத் தாளை எடுத்துப் பாருங்கள்: அவள் பெயர், இன்னாரின் மகள் அல்லது மனைவி என்ற விவரம், வயது, விலாசம், கர்ப்பத்தைக் கலைக்கச் சம்மதிக்கிறேன் என்ற வாக்கியம், கீழே அவளுடைய கையொப்பம். கணவன் கையெழுத்திட அதில் இடமே கிடையாது.

2021-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, இருபது வாரம் வரை ஒரு டாக்டரின் அபிப்பிராயம் போதும். இருபதிலிருந்து இருபத்துநான்கு வாரம் வரை இரண்டு டாக்டர்களின் அபிப்பிராயம் தேவை. அதுவும் பலாத்காரத்துக்கு ஆளானவர்கள், சிறுமியர், கர்ப்ப காலத்தில் விதவையானவர்கள் அல்லது விவாகரத்துப் பெற்றவர்கள், உடல் ஊனமுற்றோர் முதலிய சில வகையினருக்கே. அதற்கு மேல், சிசுவுக்குக் கடுமையான குறைபாடு இருப்பதாக மருத்துவ வாரியம் கண்டால் மட்டுமே அனுமதியுண்டு. தாயின் உயிரைக் காக்க உடனே செய்தாக வேண்டுமென்றால் வாரக் கணக்கு குறுக்கே நிற்காது. இருபத்துநான்கு வாரம் வரையிலான இந்தச் சலுகை விவாகமாகாத பெண்களுக்கும் உண்டென்று 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவாகத் தீர்ப்பளித்தது. அவள் பெயரைச் சட்டம் அனுமதிக்காத எவரிடமும் வெளியிடும் டாக்டருக்கு ஓராண்டு வரை சிறைவாசம் உண்டு என்பதையும், ஊர்ப் பேச்சுக்கு அஞ்சி ஆஸ்பத்திரிப் படியேறாத பெண்கள் அறிய வேண்டும்.

திருப்பி அனுப்பப்பட்டவள் நேரே போவது, கருக்கலைப்பு மாத்திரை வாங்க மெடிக்கல் ஷாப்புக்கு. ஒன்பது வாரத்துக்குள், டாக்டரின் மேற்பார்வையில் உட்கொண்டால் அந்த மாத்திரைகள் பத்திரமானவையே. ஆனால் கரு, கர்ப்பப்பையில் அல்லாமல் கருக்குழாயில் தங்கியிருந்தால் மாத்திரை அதைக் கலைக்காது. குழாய் வெடித்து உள்ளுக்குள்ளே இரத்தம் பெருகினால் உயிருக்கே ஆபத்து. மணிக்கு இரண்டு பெரிய நாப்கின்கள் வீதம் தொடர்ந்து இரண்டு மணி நேரம் நனைந்தாலும், தாங்க முடியாத வயிற்றுவலியோ மயக்கமோ கண்டாலும், யார் என்ன கேட்பார்களோ என்று தயங்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும்.

ஆஸ்பத்திரியில் கருக்கலைப்புக்கு அனுமதி மறுக்கப்பட்டால், காரணத்தை எழுதித் தரும்படி கேளுங்கள். பெண்ணாயிருப்பதொன்றே போதும், வருமானம் எவ்வளவாயினும் இலவசமாக வக்கீலை அமர்த்தித் தர 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஏற்பட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு கடமைப்பட்டிருக்கிறது. வாரங்கள் கடந்துவிட்டால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுப் போடலாம். எனினும் நீதிமன்றத்தின் கதவு எல்லோருக்கும் திறந்துவிடுவதில்லை. இரண்டு குழந்தைகளுக்குத் தாயான ஒருத்தி, இளைய குழந்தைக்குப் பால் கொடுத்துவந்த காலத்தில் மாதவிலக்கு இல்லாதிருந்தபடியால் மீண்டும் கர்ப்பமானதை வெகு தாமதமாகவே அறிந்து உச்ச நீதிமன்றத்தை நாடினாள். 2023 அக்டோபரில் முதலில் அவளுக்குக் கிடைத்த அனுமதி, ஒரே வாரத்தில், இருபத்தாறு வாரம் கடந்துவிட்டது, சிசுவுக்குக் குறையில்லை என்ற காரணங்களால் இல்லாமற்போயிற்று. அவளுடைய மனநிலையையும் இல்லத்து நிலைமையையும் அவளைவிட நன்றாக அறிந்தவர் அந்த மன்றத்தில் யார் இருந்திருக்க முடியும்?

இவ்வளவுக்கும் மூலம் சட்டத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. 1860-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டம் கருக்கலைப்பைக் குற்றமாக்கி, தன் கருவைத் தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணையும் குற்றவாளிகளோடு சேர்த்தது. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த பாரதீய நியாய சம்ஹிதை, 88-ஆம் பிரிவில் அதை அப்படியே வைத்துக்கொண்டது. 1971-ஆம் ஆண்டுச் சட்டமோ, இன்ன நிபந்தனைகளில் டாக்டர் குற்றவாளியல்ல என்று சொல்கிறதேயன்றி, இது பெண்ணின் உரிமை என்று ஓரிடத்திலும் சொல்லவில்லை. மகப்பேறு குறித்த தேர்வு அரசியல் சாசனத்தின் 21-ஆவது ஷரத்து அளிக்கும் தனிமனித சுதந்திரத்தின் அங்கமென்று 2009-இலேயே உச்ச நீதிமன்றம் கூறியிருக்க, ஆறு வாரக் கர்ப்பத்துக்குக்கூட அவள் டாக்டரின் அபிப்பிராயத்துக்குக் காத்திருப்பது எந்த நியாயம்?

ஆகவே பார்லிமெண்டில் நம் பிரதிநிதிகளாக அமர்ந்திருப்போரை வேண்டுகிறோம்: முதல் பன்னிரண்டு வாரங்களிலாவது பெண்ணின் விருப்பமே போதுமென்று சட்டத்தைத் திருத்துங்கள், அவளையே குற்றவாளியாக்கும் விளக்கத்தை 88-ஆம் பிரிவிலிருந்து நீக்குங்கள், கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் பயிற்சி பெற்ற டாக்டர்களை நியமிக்கப் பணம் ஒதுக்குங்கள். வாசகர்களும் தத்தம் தொகுதி உறுப்பினருக்கு இதை ஒரு கடிதமாக எழுதி அனுப்ப வேண்டும்.