கழுத்தில் தொங்கிய இரும்பு

1940 மே மாத இறுதியில் வெர்னர் மோல்டர்ஸ் என்ற ஜெர்மானிய விமானி ‘நைட்ஸ் கிராஸ்’ பதக்கம் பெற்றார். எதிரி விமானங்கள் 20-ஐ வீழ்த்தியதற்கு அந்தப் பரிசு. 1943 அக்டோபரில் எரிக் ஹார்ட்மன் அதே பதக்கத்தை வாங்கியபோது அவர் கணக்கில் 148 விமானங்கள் இருந்தன. பதக்கம் ஒன்றுதான், விலை மட்டும் ஏழு மடங்குக்கு மேல் ஏறிவிட்டது.

ஹார்ட்மன் போரிட்டது கிழக்கு முனையில். 1941 ஜூனில் ஜெர்மனி சோவியத் நாட்டின்மீது படையெடுத்த பிறகு அங்கே எண்ணிக்கைகள் தாறுமாறாக உயர்ந்தன. அமெரிக்க விமானி குறிப்பிட்ட காலம் பறந்ததும் ஊருக்குத் திரும்பலாம். ஜெர்மானியருக்கு அந்த வாய்ப்பில்லை. சாகும்வரை, அல்லது உடல் முடியாமல் போகும்வரை பறக்க வேண்டும். தப்பிப் பிழைத்த சிலரிடம் எண்ணிக்கை குவிந்தது. இருபது விமானங்களுக்குக் கொடுத்ததை நூறு பேருக்குக் கொடுத்தால் பதக்கத்துக்கு என்ன மதிப்பு? எனவே வரம்பை உயர்த்தினார்கள். முதல் உலகப் போரிலும் இதுதான் நடந்தது. பிரஷ்யாவின் உயரிய ‘பூர் லெ மெரிட்’ விருதை 1916 ஜனவரியில் விமானிகள் போல்கேயும் இம்மல்மனும் 8 விமானங்களுக்கு வாங்கினார்கள். ஓராண்டு கழித்து மன்ஃப்ரெட் ஃபான் ரிக்ட்ஹோஃபன் 16 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

வரம்பை உயர்த்தியும் போதவில்லை. பதக்கத்தின் மேலேயே மாடி கட்டினார்கள்: 1940-ல் ஓக் இலை, 1941-ல் வாள்கள், பிறகு வைரங்கள். வைரம் பெற்றவர்கள் மொத்தம் 27 பேர். முதல் ஆள் மோல்டர்ஸ். தங்க ஓக் இலை என்று கடைசியில் ஒன்றைச் செய்தார்கள். அது விமானி ரூடல் ஒருவருக்கே போனது. இவற்றுக்கெல்லாம் மேலான பெருஞ்சிலுவை, விமானப்படைத் தலைவர் கோரிங்குக்கு மட்டும். பதக்கப் பைத்தியம் என்றால் அவர்தான்.

வேடிக்கை என்னவென்றால், இந்த ஆடம்பரம் முழுக்க ஒரு ஏழைப் பதக்கத்தின் மேல் ஏறி நின்றது. நெப்போலியனை எதிர்த்த போரில், 1813 மார்ச்சில், பிரஷ்ய மன்னர் இரும்புச் சிலுவையை உருவாக்கினார். கஜானா காலி, மக்கள் தங்க நகையைக் கொடுத்துவிட்டு இரும்பு நகையை வாங்கி அணிந்த காலம். கறுப்புப் பூசிய வார்ப்பிரும்பு, சுற்றிலும் மெல்லிய வெள்ளிச் சட்டம், அவ்வளவுதான். அதன் வழிவந்த 1939-ன் நைட்ஸ் கிராஸைத் திருப்பிப் பார்த்தால் பின்புறத்தில் அந்த 1813 பொறித்திருக்கும், முன்புறத்தில் ஸ்வஸ்திகா.

வீழ்த்திய விமானங்களை எண்ண முடிகிறது. அதனால்தான் அதற்குப் பதக்கம் கொடுப்பது எளிது. போரின் பிற்பாதியில் புள்ளிக் கணக்கே வந்தது: ஒற்றை என்ஜின் போர்விமானத்துக்கு 1, நான்கு என்ஜின் குண்டுவீச்சு விமானத்துக்கு 3. ஆனால் எண்ணிக்கையில் சிறந்தவரைப் பெரிய நாற்காலியில் உட்கார வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு எர்ன்ஸ்ட் ஊடெட்டைப் பார்க்க வேண்டும். முதல் போரில் 62 விமானங்களை வீழ்த்தியவர், சாகச விமானி, கலகலப்பான மனிதர். அவரை விமானத் தயாரிப்பு, கொள்முதல் முழுவதற்கும் பொறுப்பாக்கினார் கோரிங். கோப்புகளோடு மல்லுக்கட்ட ஊடெட்டுக்குத் தெரியாது. தலைகுப்புறப் பாய்ந்து குண்டு போடும் விமானங்கள்மேல் அவருக்குத் தீராத மோகம். ஹெயின்கல் 177 என்ற கனரகக் குண்டுவீச்சு விமானமும் அப்படிப் பாய வேண்டும் என்று நிபந்தனை இருந்தது. அதன் நான்கு என்ஜின்களை இரண்டிரண்டாகச் சேர்த்து இரண்டு சுழலிகளில் பூட்டியிருந்தார்கள். என்ஜின்கள் சூடேறித் தீப்பிடித்தன. 1941 நவம்பர் 17 அன்று ஊடெட் தன்னைத்தானே சுட்டுக்கொண்டார். புது ஆயுதத்தைச் சோதித்தபோது விபத்தில் இறந்தார் என்று அரசு அறிவித்தது. இறுதிச் சடங்குக்கு கிரிமியாவிலிருந்து வந்த மோல்டர்ஸ், வழியில் பிரெஸ்லாவ் அருகே விமானம் விழுந்து இறந்தார். அவர் அதை ஓட்டவில்லை, பயணியாக இருந்தார். வயது 28.

விமானப்படைத் தளபதி கெஸல்ரிங் வேறு ரகம். பீரங்கிப்படைக்காரர், 48 வயதில் விமானம் ஓட்டக் கற்றார். 1940 ஜூலை 19 அன்று ஹிட்லர் ஒரே நாளில் 12 பேரை பீல்டு மார்ஷல் ஆக்கினாரே, அதில் விமானப்படையின் மூவரில் ஒருவர். 1944 மார்ச்சில் ரோம் நகர ஆர்டியாட்டீன் குகைகளில் 335 பேரை ஜெர்மானியர் சுட்டுக் கொன்றபோது இத்தாலியில் அவர்தான் தளபதி. நான்கு மாதத்தில் அவருக்கு வைரங்கள் வந்தன. 1947-ல் வெனிஸில் பிரிட்டிஷ் இராணுவ நீதிமன்றம் அந்தக் கொலைகளுக்காக மரண தண்டனை விதித்தது. பிறகு ஆயுள் தண்டனையாகக் குறைந்து, 1952-ல் வெளியே வந்தார். வைரம் கொடுத்தவர்களின் கணக்கில் அந்த 335 பேருக்கு இடமில்லை.

1957-ல் மேற்கு ஜெர்மனி ஒரு சட்டம் போட்டது: ஸ்வஸ்திகாவை எடுத்துவிட்டால் பழைய பதக்கங்களை அணியலாம். ஆனால் ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் பிராங்கோவுக்காகப் போரிட்ட காண்டோர் படையில் மோல்டர்ஸ் பறந்திருந்தார் என்பதால், 2005-ல் ஒரு போர்விமானப் பிரிவுக்குச் சூட்டியிருந்த அவர் பெயரை ஜெர்மனி நீக்கியது.