குழிக்கு அருகே ஆடும் கலை

பழவங்காடிக் கணபதி கோயிலில் தேங்காய் உடைப்போரைக் காணாத தமிழ் மாணவர் நம்முள் இரார். தோள் வலிமை முழுவதையும் கூட்டி ஓங்கி எறிகின்றனர். சிதறினால்தான் நேர்ச்சை நிறைவுறும். கோல்ஃப் என்றதும் நம்மில் பலருக்கு நினைவில் எழுவதும் இத்தகைய ஓங்கிய வீச்சே. ஆனால் அவ்விளையாட்டின் கணக்கு வேறு. 18 குழிகளுக்கு 72 அடிகள் என்று வகுத்தவர்கள், குழி ஒன்றுக்கு 2 அடி வீதம் 36 அடிகளை, குழியைச் சூழ்ந்த ஒட்ட வெட்டிய புல்தரையில் உருட்டுவதற்கென்றே ஒதுக்கினர். அத்தரையைக் 'கிரீன்' என்பர். சரிபாதி அடிகளுக்கு வலிமையே வேண்டாம் அன்றோ!

"செல்வர் ஆடும் ஆட்டம் நமக்கேன்?" என்று நண்பர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. பை நிறையக் கோல்கள் வாங்க நம் உதவித்தொகை போதாது. ஆயினும் பிறருடைய பையைச் சுமந்த 'கேடி'கள் இந்நாட்டில் வாகை சூடியிருக்கின்றனர். 1991இல் இந்திய ஓப்பன் போட்டியை வென்ற அலி ஷேரும், 2009இல் வென்ற முனியப்பாவும் அவ்வழி வந்தவர்களே. ஸ்பெயின் நாட்டு பல்லெஸ்டெரோஸ் சிறுவனாயிருந்தபோது ஒரே ஓர் இரும்புக் கோலைக் கொண்டு கடற்கரை மணலில் பயின்றார். ஒரு கோலும் சிறிது இடமும் உள்ளவன் கற்கக்கூடிய பகுதி இந்தக் குற்றாட்டம்தான்.

எனக்கு இதைக் கற்பித்தவர் என் தாய்மாமன். திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைப்புத் தேடி இவ்வூருக்கு வந்தவர். கவடியாரில் உள்ள ஒன்பது குழி மைதானத்தில் பல்லாண்டு பை சுமந்தவர். சூத்திரம் எதுவும் அறியார். ஆனால் அவர் சொன்னவற்றை நான் இயற்பியலால் சோதித்தபோது, பெரும்பாலும் சூத்திரம்தான் அவருக்குச் சாட்சி சொல்லிற்று.

அவருடைய முதற்பாடம்: "மருமகனே, பந்தை நீ தூக்காதே; கோல் தூக்கும்." கிரீனுக்கு வெளியேயிருந்து பந்தைச் சிறிது பறக்கவிட்டு உருளச் செய்வது 'சிப்' எனப்படும். இங்கே புதியவர் அனைவரும் பந்துக்கடியில் கோலை நுழைத்து அள்ள முயல்வர். உடல் பின்சாய்கிறது, கோல் முதலில் மண்ணைத் தோண்டுகிறது, அல்லது மேலெழும் வழியில் பந்தின் நடுவயிற்றில் இடிக்கிறது. பந்தோ கிரீனைத் தாண்டி ஓடிவிடுகிறது. கோலின் முகம் ஏற்கெனவே சாய்வாகச் செய்யப்பட்டதுதான். சாய்வு மிகுந்த வெட்ஜ் கோல்களில் அது 45 பாகை முதல் 60 பாகை வரை இருக்கும். ஆகவே வலக்கையர் உடற்பாரத்தை இடக்காலில் வைத்து, கைகளைப் பந்துக்குச் சற்று முன்னே நிறுத்தி, கீழ்நோக்கி அடித்தால் போதும். உயரத்தைச் சாய்வு தரும்.

சிப் பயில ஒரு துண்டு போதும். கிரீனில் பந்து விழவேண்டிய இடத்தில் அதை விரித்து, குழியை மறந்து துண்டையே குறி பார்க்க வேண்டும். ஒரே இடத்தில் விழுந்தாலும் சாய்வு குறைந்த கோலால் அடித்த பந்து நெடிது உருளும். சாய்வு மிகுந்ததால் அடித்தது விரைவில் நிற்கும். வழியில் தடையில்லாதபோது தாழப் பறந்து நெடிது உருள்வதே நன்று. உயரத் தூக்கிக் காட்டுவது பார்ப்போர் கைதட்டலுக்கு உதவும், அவ்வளவே.

இனி உருட்டல். குழியின் குறுக்களவு 108 மி.மீ.; பந்தினுடையது 42.67 மி.மீ.க்குக் குறையலாகாது. 3 மீட்டர் தொலைவிலிருந்து திசை ஒரு பாகைக்கு மேல் பிறழ்ந்தால் பந்தின் நடுப்புள்ளி குழியைத் தொடாது. வேகத்தையும் கணக்கிடுவோம். எதிர்விளிம்பை அடையுமுன் பந்து தன் ஆரமளவாவது கீழே விழ வேண்டும். அதற்கு ஆகும் காலம் 0.066 நொடி. அதற்குள் பந்து கடக்கக்கூடிய தூரம் ஏறத்தாழ 87 மி.மீ. ஆகவே நொடிக்கு 1.3 மீட்டருக்கு மேல் விரைந்து வரும் பந்து எதிர்விளிம்பில் மோதும்; பின் விழுவதும் துள்ளியோடுவதும் அதிர்ஷ்டம். அதுவும் நட்டநடுவே வந்தால்தான். ஓரமாக வந்தால் இன்னும் மெதுவாக வர வேண்டும்.

மாமன் "ஒரு முழம் தாண்டட்டும்" என்பார். நாசாவில் பணியாற்றிய இயற்பியலறிஞர் டேவ் பெல்ஸ் பல சோதனைகளுக்குப் பின் கூறிய அளவு 17 அங்குலம், அதாவது 43 செ.மீ. மாமனின் முழத்துக்கும் அதற்கும் ஓரங்குலந்தான் வேறுபாடு! குழிக்கு எட்டாத பந்து எந்நாளும் விழாது. அளவு மீறியதும் விழாது.

கொலம்பியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி, தொழில்முறை ஆட்டக்காரரிடையே ஏற்றத்தாழ்வை உண்டாக்குவது பெரும்பாலும் நெடுவீச்சே என்று புள்ளிவிவரங் கொண்டு காட்டியுள்ளார். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் உருட்டலில் ஏற்கெனவே தேர்ந்தவர்கள். மூன்றடி நான்கடி உருட்டித் தவிப்பவர்க்கு அடி மிச்சமாகுமிடம் வேறு.

வெப்ப நாட்டுக் கிரீன்களில் பெரும்பாலும் வளர்வது பெர்முடாப் புல். அது வேறன்று, பழவங்காடியில் கணபதிக்கு மாலையாகச் சூட்டும் கறுகை, நம் அருகம்புல்லேதான், கிரீன்களில் உள்ளவை அதன் கலப்பினக் குறும்புற்கள். அது ஒருபுறமாகப் படர்ந்து சாயும் இயல்புடையது. சாய்ந்த திசையில் உருட்டினால் பந்து விரையும், எதிர்த்தால் தயங்கும். நின்ற இடத்திலிருந்து நோக்கப் புல் வெளிறி மினுங்கினால் அது நமக்கு அப்பால் சாய்ந்துள்ளது. கருத்துத் தோன்றினால் நம்மை நோக்கிச் சாய்ந்துள்ளது. இடவப்பாதி மழை தொடங்கியபின் இந்த மினுக்கம் புலப்படுவது அரிது. அப்போது மாமன் குழியின் விளிம்பைக் குனிந்து நோக்குவார். விளிம்பின் எந்தப் பக்கத்தில் புல் சிதைந்து உலர்ந்திருக்கிறதோ, அப்பக்கமே புல் சாய்ந்துள்ளது என்பது அவர் கணிப்பு.