காலகேயர் பாஷைக்கு கம்ப்யூட்டரில் பட்டா இல்லை!

தக்கலையில் அடித்த கல்யாண கார்டை நாகர்கோவில் கம்ப்யூட்டரில் திறந்தால், சில நேரம் பொண்ணு பேரும் தெரியாது, மாப்பிள்ளை பேரும் தெரியாது. ஒரே கிறுக்கல்!

காரணம் என்ன? கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது. எண்தான் தெரியும். பழைய தமிழ் ஃபாண்டுகளில் ஆளுக்கொரு எண். 'யூனிகோடு' என்ற உலகப் பொதுப் பட்டியலில் 'க' என்றால் எங்கேயும் 2965தான்.

2015-ல் வந்த 'பாகுபலி'யில் காலகேயர் கூட்டம் பேசியதே, கிளிக்கி! கவிஞர் மதன் கார்க்கி உருவாக்கிய மொழி அது. தனி எழுத்தும் உண்டு. ஆனால் அந்தப் பட்டியலில் இடம் இல்லை.

'ஸ்டார் டிரெக்' கதையில் வரும் கிளிங்கான் மொழியின் எழுத்துக்கும் இதே கதி. 2001-ல் மனு தள்ளுபடி! அந்த எழுத்தில் எழுதுகிற ஆள் குறைவாம்.

அப்படியானால் எழுதும் சாப்ட்வேர் செய்ய முடியாதா? முடியும். சொந்த எழுத்து வைத்துக்கொள்ள 6,400 எண்கள் ஒரே வரிசையில் சும்மா கிடக்கின்றன. புறம்போக்கு மாதிரி! குடிசை போடலாம். பட்டா கிடைக்காது. அந்த ஃபாண்டு இல்லாத கம்ப்யூட்டரில் வெறும் கட்டம்தான் தெரியும்.

பட்டாவுக்கு எழுதுகிற ஆள் வேண்டும். ஆள் எழுத சாப்ட்வேர் வேண்டும். தமிழுக்கு ஆள் இருந்தது. கிளிக்கிக்கு?